ஓடும் வட்டெல்லாம் நல்ல வட்டா?

சென்ற பொங்கல் விழாவன்று நம் மன்றத்தில் நடந்ததை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல ஆண்டுகட்கு முன்னர் இங்குப் பயின்ற அண்ணன்மார் பதிவு செய்து வைத்துப்போன நாடகத்தைக் காட்டுவதாக அறிவித்திருந்தோம். விடுதிப் பொது அறையின் டிவிடி கருவியில் வட்டினை இட்டதும் படம் ஓடிற்று, கைதட்டினோம். முக்கால் பங்கு சென்றதும் படம் கட்டங்கட்டமாக உடைந்து, கதாநாயகன் ஓங்கிய கையோடு நின்றுவிட்டான். “வட்டு கெட்டுவிட்டது” என்றார் ஒருவர். “வட்டில் குற்றமில்லை, கருவிதான் கிழம்” என்றார் மற்றொருவர். மறுநாள் அதே வட்டு என் கணினியில் இறுதிவரை ஓடிற்று! யார் கூறியது சரி? இயற்பியல் படிக்கிறவன் என்பதால் வழக்கு என்னிடம் வந்தது. மன்ற அலமாரியிலிருந்த பதினான்கு வட்டுகளும் கூடவே வந்தன.

வட்டு என்பது யாது? 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பாலிகார்பனேட் தகடுகளை ஒட்டிச் செய்தது. கடையில் விற்ற திரைப்பட வட்டில் செய்தி குழிகளாக அச்சிலேயே அழுத்தப்பட்டிருக்கும். நாம் பதிவு செய்யும் வட்டிலோ தகடுகளுக்கிடையே ஒரு சாயப்பூச்சு உண்டு. அதனை லேசர் சுட்டு வடு உண்டாக்குகிறது. வடுக்களின் வரிசை நத்தை ஓடுபோல் சுருண்டு செல்கிறது. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், ஒரு தலைமயிரின் அகலத்தில் ஏறக்குறையத் தொண்ணூறு சுற்றுகள் அடங்கும். அச்சிட்ட வட்டு கல்வெட்டு என்றால், நம்முடையது சுவரில் கரியால் எழுதியது.

இத்துணை நுண்ணிய எழுத்தில் பிழையே இராது என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. பிறக்கும்போதே ஒவ்வொரு வட்டிலும் பிழைகள் உண்டு. ஆகவே, அவற்றைத் திருத்தும் கணக்கையும் உடன் எழுதிவிடுகிறார்கள். 1960இல் ரீட், சாலமன் என்ற இரு அமெரிக்க அறிஞர் வெளியிட்ட முறை அது. நம் விடுதி மெஸ் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு கூட்டுத்தொகை குறுக்கே, ஆளுக்கு ஒரு கூட்டுத்தொகை நெடுக்கே. நடுவில் ஓர் எண்ணின்மீது சாம்பார் சிந்திவிட்டாலும் கூட்டுத்தொகைகளைக் கொண்டு அதனை மீட்டுவிடலாமல்லவா? டிவிடியிலும் 32 கிலோபைட் செய்தியை 192 வரிசைகளாக அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் 10 காப்புப் பைட்டுகளும், அடியில் 16 காப்பு வரிசைகளும் சேர்க்கிறார்கள். ஆக 208 வரிசை கொண்டது ஒரு கட்டம். ஒரு வரிசையில் ஐந்து பைட்டுகள் வரை தவறியிருந்தால் அவ்வரிசையே தன்னைத் திருத்திக்கொள்ளும். அதற்கு மேற்பட்டால் நெடுக்குக் கணக்கு கைகொடுக்கும். அதுவும் தோற்றால்தான் படம் உடையும்.

இதில்தான் ஒரு வஞ்சகம் ஒளிந்திருக்கிறது. இந்நகரத்தில் ஆர். சாமசாஸ்திரி 1905இல் கண்டெடுத்து 1909இல் அச்சேற்றிய அர்த்தசாத்திரம் ஓலைச்சுவடியில் இருந்தது. ஓலை செல்லரித்தால் கண்ணுக்குத் தெரியும். வேறு ஓலையில் படியெடுத்துக் கொள்வார்கள். வட்டோ, திருத்தும் கணக்கின் நிழலில் ஆண்டுக்கணக்காகத் தன் நோயை மறைத்துவைக்கிறது. நேற்று வரை பழுதின்றி ஓடியது இன்று நின்றுபோகும். எனவே ‘ஓடுகிறதா?’ என்று பார்ப்பது சோதனையாகாது. திருத்தப்பட்ட பிழைகள் எத்தனை என்று எண்ணுவதே சோதனை.

இதற்கு ஓர் அளவு வகுத்திருக்கிறார்கள். அடுத்தடுத்த எட்டுக் கட்டங்களில் பிழையுள்ள வரிசைகள் 280ஐத் தாண்டலாகாது. எட்டுக் கட்டங்களில் வரிசைகள் மொத்தம் 1664. ஆறில் ஒன்று பழுதானாலும் தேர்ச்சி! நம் விடைத்தாள் திருத்துவோரிடம் இந்தத் தாராளத்தைக் காணோம்.

எல்லாக் கணினி டிவிடி டிரைவும் இப்பிழைகளை எண்ணிச் சொல்வதில்லை. லைட்-ஆன், பிளெக்ஸ்டர் போன்ற சில டிரைவுகளே சொல்லும். நகரத்துப் பழைய கணினிக் கடையொன்றில் பேரம் பேசி ஒரு லைட்-ஆன் வாங்கினேன். நீரோ நிறுவனத்தின் ‘சிடி-டிவிடி ஸ்பீடு’ என்ற நிரல் பிழைகளை வரைபடமாகத் தீட்டிக் காட்டும். டிரைவு மாறினால் எண்ணிக்கையும் மாறும்; வேகம் மாறினாலும் மாறும். ஆகவே பதினான்கையும் ஒரே டிரைவில் ஒரே வேகத்தில் சோதித்தேன்.

நாடக வட்டின் படம் தொடக்கத்தில் தரையோடு தரையாகச் சென்றது. கடைசி மூன்றிலொரு பங்கில் மலையேறத் தொடங்கி 600ஐத் தாண்டிற்று. பதிவு உள்ளிருந்து வெளிநோக்கிச் செல்வது. வட்டு வளைவதும் விரல் படுவதும் வெளிவிளிம்பில்தான் மிகுதி. கணினி அவ்விடத்தில் வேகத்தைக் குறைத்து மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கும். படம் காட்டும் கருவிக்கு அந்த அவகாசமில்லை. ஆக, வழக்காடிய இருவர் கூற்றும் பாதி சரி.

மற்றொரு வட்டு வேறு வகை. பிழை மிகக் குறைவு. எனினும் பொது அறைக் கருவி அதனை ஏறிட்டும் பாராமல் வெளியே தள்ளியது. அஃது அழித்தெழுதும் வட்டு. சாதாரண வட்டு லேசர் ஒளியில் நூற்றுக்கு 45 பங்கேனும் திருப்பியனுப்பும்; இது 18 முதல் 30 வரையே அனுப்பும். இரண்டடுக்கு வட்டும் அந்த அளவே அனுப்புவதால் பழைய கருவி குழம்பிவிடுகிறது. இங்கே வட்டுக்கு நோயில்லை, பொருத்தந்தான் இல்லை. வேறு வட்டில் படியெடுத்ததும் ஓடிற்று.

உறையிலுள்ள பெயரை நம்பற்க. செய்தவரின் குறியீடு வட்டின் உள்விளிம்பருகே முன்னரே பதிந்திருக்கும். வெவ்வேறு உறைகளிலிருந்த ஐந்து வட்டுகள் ‘எம்.பி.ஐ.’ என்று தொடங்கின. மலிவு விலையில் தமிழ்த் திரைப்பட வட்டுகள் விற்று நம் வீடுகளுக்கு அறிமுகமான மோசர் பேர் நிறுவனத்தின் குறி அது. அந்நிறுவனத்தைக் கலைக்க 2018இல் ஆணையாயிற்று. ஐந்து வட்டுகளும் இன்னும் நலமே.

மொத்தத்தில் பத்து நலம், மூன்று நோயுற்றவை. பதின்மூன்றையும் வன்தட்டில் படியெடுத்துவிட்டேன். அலமாரியையும் மேற்கு வெயில் விழும் சன்னலருகிலிருந்து நகர்த்தியாயிற்று. சாயத்துக்கு வெயில் பகை.

பதினான்காவது வட்டின்மேல் “ஐயாவின் பேச்சு, 2008” என்று எழுதி, தாளும் ஒட்டியிருந்தார்கள். நாம் எவரும் கண்டிராத, மறைந்த தமிழாசிரியர் ஒருவரின் குரல் அது. ஊரைவிட்டு வந்த பிள்ளைகளிடம் ஏதோ சொல்லத் தொடங்குகிறார். பதினோரு நிமிடங்கள் படிக்க முடிந்தது. மூன்று டிரைவுகளில் முயன்றும் அதற்குமேல் ஒரு சொல்லும் கிட்டவில்லை. அந்நாள் உறுப்பினர் எவரிடமேனும் இதன் இன்னொரு படி இருக்கக்கூடும். உங்கள் அண்ணனோ அக்காவோ அவ்விழாவில் இருந்தவராயின் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வட்டினை என்னிடம் தந்தால் மறுநாளே திருப்பித் தருகிறேன். கேட்கும் முன்னர் மட்டும் அதனை எந்தக் கருவியிலும் இட்டு ஓட்டிப் பார்க்க வேண்டா.