மறைந்த கலவைக்கு மாற்று

நெடுநாட் பழகிய சுங்கான் புகையிலைக் கலவையொன்றின் உற்பத்தி நின்றுவிட்டால், அதனைப் புகைத்தவர் உறவொன்றை இழந்தவர்போல் வருந்துவர். மாற்றுத் தேடும் அவர் முதலிற் செய்யுந் தவறு, பெயரை நம்புவதாகும்.

2018ஆம் ஆண்டில் டன்ஹில் என்னும் பெயர் சுங்கான் புகையிலையிலிருந்து நீங்கியது. வாடிக்கையாளர் பலர் எஞ்சிய பேணிகளை வாங்கிச் சேர்த்தனர். ஆயின், அக்கலவைகளுட் பல பின்னர் பீற்றர்சன் என்னும் பெயருடன் மீண்டும் விற்பனைக்கு வந்தன. பெயர் போயிற்று, புகையிலை நின்றது.

இலத்தாக்கியாவின் கதை இதற்கு மாறானது. விறகுப் புகையிற் பதப்படுத்தப்படும் இக்கரிய இலை, சிரியாவின் துறைமுக நகரொன்றின் பெயரைத் தாங்கியது. இன்று கலவைகளிற் சேர்வதோ பெரும்பாலும் சைப்பிரஸ் தீவின் இலையே. இலையினமும் வேறு, புகையூட்டும் விறகும் வேறு. ஆதலின் மணமும் வேறு. பெயர் நின்றது, புகையிலை மாறியது.

ஆகவே, கலவையின் உறுப்புக்களையே ஆராய்தல் வேண்டும். வேர்ஜீனியா இனிமை தரும். துருக்கி, கிரேக்கச் சிற்றிலைகள் நறுமணந் தரும். லூயிசியானாவிற் பீப்பாய்களில் அழுத்திப் புளிக்கவைக்கப்படும் பெரிக் மிளகின் காரந் தரும். பழைய கலவையில் இவற்றுள் எது முதன்மை பெற்றது, இலை எவ்வாறு வெட்டப்பட்டது, எத்துணை ஈரமுடையது என அறிந்து, அதற்கு இணையானதைச் சிறிதளவு வாங்கிச் சோதித்தலே முறை.

அவ்வாறு தேடினும் கிடைப்பது உடன்பிறப்பேயன்றிப் பழைய கலவையன்று. புகை எதுவாயினும் உடலுக்குத் தீங்கென்பதை இன்று அறிவோம். தேடிக் களைத்தவர் சுங்கானைக் கீழே வைத்துவிடுவாராயின், அதனினுஞ் சிறந்த மாற்று இல்லை.