நிற்காது ஓடும் மின்சாரப் பம்பு

தோட்டத்து வீடுகளில் மேல்தொட்டிக்கு ஜலம் ஏற்றும் மின்சாரப் பம்புகள், தொட்டி நிரம்பியதும் தாமே நின்றுவிடும்படி பெரும்பாலும் அமைக்கப்படுகின்றன. அவ்விதம் நிற்காத பம்பைப் பலர் சட்டை செய்யாது, நினைவு வந்தபோது கையால் நிறுத்தி நாளைக் கடத்துகின்றனர். 1 குதிரைச் சக்தி மோட்டார் மணிக்கு ஏறத்தாழ 1 யூனிட் மின்சாரத்தைச் செலவழிக்கும். செலவாவது மின்சாரம் மட்டுமன்று. ஆழ்குழாய்க் கிணற்றினுள் மூழ்கியிருக்கும் மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்த ஜலமேயாகும். கோடையில் ஊற்றுக் குறைந்து ஜலம் கீழிறங்கிய பின்னும் அது ஓடிக்கொண்டிருப்பின், சுருள் கருகி, முழுக் குழாயையும் வெளியே எடுக்கும்படி நேரிடும்.

பழுது கண்டவுடன் மிதவைச் சுவிட்சை மாற்றிவிடுவது பொதுவான வழக்கம். பெரும்பாலும் அது வீண் செலவே. முதலில் மேல்தொட்டியை நேரிற் சென்று பார்க்கவேண்டும். தொட்டி நிரம்பி வழிகின்றதா, அன்றி நிரம்பவே இல்லையா? இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள்.

தொட்டி வழியுமாயின், ஸ்டார்ட்டரிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துக. மோட்டார் நிற்குமாயின் ஸ்டார்ட்டர் நன்றாயிருக்கின்றது. குற்றம் மிதவையிலோ அதன் கம்பியிலோ உள்ளது. மிதவை தொட்டியின் சுவரிலோ குழாயிலோ சிக்கியிருக்கலாம். அதன் கம்பி அளவுக்கு மேல் நீண்டிருக்கலாம். மிதவைக்குப் பதிலாக உணர்கம்பிகள் தொங்கவிடப்பட்டிருந்தால், உப்பு ஜலமுள்ள ஊர்களில் அவற்றின்மீது சுண்ணாம்புப் படிவம் ஏறி, ஜலம் தொட்டும் தொடாதது போலாகிவிடும். மெயின் சுவிட்சை அணைத்தபின் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்தாலே போதும்.

பொத்தானை அழுத்தியபோது நின்று, கையை எடுத்த சில விநாடிகளில் தானே மீண்டும் புறப்படுமாயின், மின்சாரம் வந்ததும் மோட்டாரை ஓட்டும் தானியங்கிக் கருவி பொருத்தப்பட்டிருக்கின்றதா என்று பார்க்கவும். மும்முனை மின்சாரம் குறித்த நேரத்தில் மட்டும் வரும் ஊர்களில் இக்கருவி மிகுதி. அதனுடன் மிதவையை இணையாது விட்டிருந்தால் தொட்டி வழிவதைத் தவிர வேறு வழியில்லை.

பொத்தானை அழுத்தியும் மோட்டார் நிற்கவில்லையெனில், ஸ்டார்ட்டரினுள் உள்ள தொடுமுனைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று கொள்ளலாம். மின்னழுத்தம் குறைந்து ஸ்டார்ட்டர் படபடவென்று அடித்துக்கொள்ளும்போது இவ்விதம் நேர்வதுண்டு. உடனே மெயின் சுவிட்சை அணைக்கவேண்டும். ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்து குச்சியால் நெம்பிப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து. ஒரு முனை மட்டும் ஒட்டியிருப்பின், மோட்டார் நின்றிருந்தாலும் அதில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். தொடுமுனைகளை அரத்தால் அராவுவதைவிட, தேர்ந்த மின்தொழிலாளியைக்கொண்டு புதியன பொருத்துவதே நலம்.

இனி, தொட்டி நிரம்பாமையினால் பம்பு ஓடிக்கொண்டிருப்பது. இங்கு மிதவையின்மீது பழியில்லை. தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களின் வால்வுகளையெல்லாம் அடைத்து, மோட்டாரை ஓட்டி, ஜலமட்டம் ஏறுகின்றதா என்று கவனிக்கவும். ஏறுமாயின், வீட்டுக் குழாயிலோ மண்ணுக்குள் புதைந்த குழாயிலோ கசிவுண்டு. ஏறாவிடில், 15 லிட்டர் வாளியொன்றைத் தொட்டியின் வாயிற் பிடித்து, நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தால் அளக்கவும். 30 விநாடியில் நிரம்பினால் நிமிஷத்திற்கு 30 லிட்டர். 1,000 லிட்டர் தொட்டி சுமார் 33 நிமிஷத்தில் நிரம்பவேண்டும். பம்பு புதிதாயிருந்தபோதே இவ்வளவைச் சுவரில் எழுதிவைப்போர் மிகச் சிலர். எழுதிவைத்தோருக்கு இன்று அது பேருதவி. அளவு பெரிதும் குறைந்திருந்தால் பம்பின் உட்சக்கரம் தேய்ந்திருக்கலாம், ஏற்றுகுழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம், அல்லது கிணற்றிலேயே ஜலம் போதாமலிருக்கலாம். தரைமேல் வைத்த பம்பாயின், புட்வால்வில் குப்பை சிக்கினாலும், உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்றுப் புகுந்தாலும், ஒரு துளி ஜலமுமின்றி மோட்டார் மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். பம்பின் உடல் தொடமுடியாதபடி சூடேறியிருந்தால் உடனே நிறுத்தி, ஆறவிட்டு, ஜலம் ஊற்றி நிரப்பிய பின்னரே ஓட்டவேண்டும்.

பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டிகளுக்கும் இச்சோதனை முறையே பொருந்தும். தொட்டி இரவில் வழிகின்றது என்று முறையீடு வந்தால், கிராம அதிகாரிகள் பம்பு இயக்குபவரைக் கடிந்துகொள்வதற்கு முன், அவரைக்கொண்டே சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்கச் செய்யவேண்டும்.