‘கரண்ட்’ வைத்த பிறகு கையைத் தூக்க முடியவில்லையா?

"தப்பா நெனைக்காதீங்க தம்பி, இந்தக் கையாலதான் குடுக்க முடியுது."

ரிசர்வேஷன் கவுண்டரில் இப்படிச் சொல்லிக்கொண்டே அந்த அக்கா இடது கையால் பாரத்தை நீட்டினார். அதோடு புற்றுநோயாளிக்கான சலுகைச் சான்றிதழும் இருந்தது. நாகர்கோவில் எக்ஸ்பிரசில் திருநெல்வேலிக்கு அவருக்கு ஒரு டிக்கெட், துணைக்கு வந்த மகனுக்கு ஒரு டிக்கெட்.

பாரத்தில் கையெழுத்து விட்டுப்போயிருந்தது. போடச் சொன்னேன். அவர் இடது கையால் வலது கையைத் தூக்கிக் கவுண்டர் பலகை மேல் வைத்தார். பிறகு பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். விரல்கள் நன்றாகவே வேலை செய்தன. தோள் மட்டும் அசையவில்லை!

கவுண்டரில் தினமும் இப்படிப்பட்ட சான்றிதழ்களைப் பார்க்கிறவன் நான். சீல் இருக்கிறதா, தேதி சரியா என்று பார்ப்பேனே தவிர, கொண்டு வருகிறவரின் கையைப் பார்த்தது இல்லை. அன்று பார்த்தேன். டியூட்டி முடிந்ததும், தாராவியில் அவர் தங்கியிருந்த தம்பி வீட்டுக்குப் போனேன்.

"தலை சீவ முடியல"

அக்காவுக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிராமம். தொழில், பீடி சுற்றுவது. வலது மார்பில் கட்டி வந்தபோது தம்பி மும்பைக்கு அழைத்து வந்தார். நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. பிறகு மருந்து ஏற்றினார்கள். கடைசியாக 15 நாள் ‘கரண்ட்’ வைத்தார்கள்.

"கரண்ட் வைக்கையில வலியே இல்ல தம்பி. தோல் கறுத்துச்சு, உரிஞ்சுது, ஆறிட்டு. எல்லாம் முடிஞ்சுதுன்னு ஊருக்குப் போயிட்டேன். அஞ்சு மாசம் கழிச்சு ஒருநா துணி காயப்போடக் கொடியை எட்டினேன். கை பாதியில நின்னுட்டு. இப்ப பீடி சுத்துதேன். ஆனா தலை சீவ முடியல" என்றார்.

நோய் திரும்பி வந்துவிட்டதோ என்று பயந்து மூன்று மாதம் யாரிடமும் அவர் சொல்லவில்லை. பிறகு பக்கத்து ஊரில் சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு இழுத்து விட்டிருக்கிறார். வலி இரண்டு மடங்கானதுதான் மிச்சம். இப்போது பரிசோதனைக்கு மும்பை வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நோய் திரும்பவில்லை. தோளில் நடந்திருப்பது வேறு என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அது என்ன என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. பத்தாவது படித்த எனக்குப் புரியும்படி ஒரு பிசியோதெரபி டாக்டரிடம் கேட்டு எழுதுகிறேன்.

கரண்ட் அல்ல, கதிர்!

நம் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்கிறோம். இந்திக்காரர்கள் ‘பிஜிலி கி சிகாயி’ என்கிறார்கள். உண்மையில் உடம்பில் மின்சாரம் பாய்வதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத கதிர்கள்தான் பாய்கின்றன. இதற்குக் கோபால்ட் எந்திரம் உண்டு. லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற எந்திரமும் உண்டு. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு 1957லேயே கோபால்ட் எந்திரம் வந்துவிட்டது. மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘பாபாட்ரான்’ இந்தியாவிலேயே செய்யப்படும் கோபால்ட் எந்திரம்.

கதிரின் அளவைச் சொல்லும் அலகு ‘கிரே’. மார்பகப் புற்றுநோய்க்கு முன்பெல்லாம் 25 தவணைகளில் 50 கிரே கொடுப்பது வழக்கம். 15 தவணைகளில் 40 கிரே கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு 2008ல் காட்டியது. பின்விளைவுகளும் கூடவில்லை. அக்காவுக்கு 15 நாள் வைத்தது இந்த முறைப்படிதான்.

கதிர் புற்று அணுக்களைக் கொல்கிறது. வழியில் இருக்கும் நல்ல சதையையும் ஓரளவு தொட்டுத்தான் போகிறது. அக்குளிலும் காறை எலும்புக்கு மேலும் உள்ள நிணநீர்க் கட்டிகளுக்குக் கதிர் வைக்கும்போது தோளின் ஒரு பகுதியும் அந்தப் பாதையில் வந்துவிடும்.

முதுகில் ஓர் இறக்கை

கண்ணாடி முன் நின்று கையை மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். முதுகின் மேல்புறத்தில் முக்கோணமாக ஓர் எலும்பு நகர்வது தெரியும். அதுதான் தோள்பட்டை எலும்பு. விலா எலும்புகளின் மேல், தசைகளின் பிடியில் அது சறுக்கிச் சறுக்கி நகர்கிறது.

கையைத் தலைக்கு நேர் மேலே தூக்குவது 180 டிகிரி என்றால், அதில் ஏறக்குறைய 60 டிகிரி இந்த எலும்பு சுழல்வதால் கிடைப்பது. அதாவது மூன்றில் ஒரு பங்கு! இந்த எலும்பு நகர மறுத்தால் கை பாதியில் நிற்கத்தான் செய்யும்.

மார்புக்குள் இருக்கும் சிறிய மார்புத் தசை, விலாவில் தொடங்கி இந்தத் தோள்பட்டை எலும்பின் முன் முனையில் போய் ஒட்டுகிறது. மார்பில் கதிர் வைக்கும்போது இந்தத் தசை தப்ப முடியாது. அது இறுகிச் சுருங்கினால் தோள்பட்டை எலும்பை முன்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தோள் கூன் விழுந்தது போல் முன்னால் சாயும். முதுகுப் பக்கத் தசைகள் நாள் முழுவதும் இழுபட்டு வலிக்கும். மார்பில் வைத்த கதிருக்கு முதுகில் ஏன் வலி என்று பலர் குழம்புவது இதனால்தான்.

ஆபரேஷனின் போது அக்குள் பக்கம் ஓடும் நரம்பு ஒன்று பாதிக்கப்பட்டாலும் தோள்பட்டை எலும்பு முதுகில் இறக்கை போல் துருத்திக்கொள்ளும். அது கதிரால் வருவது அல்ல. ஆனால் இரண்டும் சேர்ந்து வந்தால் தொல்லை அதிகம்.

ஏன் இவ்வளவு தாமதம்?

கதிர் வைக்கும் நாட்களில் வரும் தொல்லைகள் கண்ணுக்குத் தெரியும். தோல் சிவக்கும், கறுக்கும், சிலருக்கு உரியும். அசதி இருக்கும். சில வாரங்களில் பெரும்பாலும் ஆறிவிடும்.

இரண்டாவது வகைத் தொல்லை சத்தம் இல்லாமல் வரும். கதிர் பட்ட இடத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மெத்தென்று இருக்க வேண்டிய சதையில் தழும்பு போன்ற நார் படிகிறது. தோல், தசை, மூட்டைச் சுற்றிய சவ்வு எல்லாம் மெல்ல மெல்ல இறுகுகின்றன. இது சில மாதங்களில் தொடங்கும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடரும்.

எலும்பிலும் பாதிப்பு உண்டு. புது எலும்பைக் கட்டும் அணுக்கள் குறைவதால், கதிர் பட்ட விலா எலும்பு சிலருக்கு லேசான அடியிலேயே விரிசல் விடும். தோள்பட்டை எலும்பில் இப்படி ஏற்படுவது அபூர்வம். அப்படிப்பட்ட இடத்தில் சுளுக்கு எடுப்பவரை விட்டு அழுத்தி இழுக்கச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துக்கொள்ளுங்கள்!

வெந்நீர் ஒத்தடமும் கூடாது. அந்த இடத்தில் தோலுக்கு உணர்ச்சி குறைந்திருக்கலாம். சூடு தெரியாமல் வெந்து போகும்.

சிலருக்குப் புற்று தோள்பட்டை எலும்பிலேயே பரவி, வலியைத் தணிப்பதற்காக அங்கே கதிர் வைப்பார்கள். ஒரே தடவையில் 8 கிரே கொடுப்பதும் உண்டு. முதல் ஓரிரு நாள் வலி கூடலாம். பயப்பட வேண்டாம். குறைவதற்குச் சில வாரங்கள் ஆகும். எலும்பு உறுதியாக மாதங்கள் பிடிக்கும். அதுவரை அந்தக் கையால் பளு தூக்கக்கூடாது.

பயந்து மடக்கிய கை

அக்கா செய்த தவறு எது தெரியுமா? ஆபரேஷன் முடிந்ததும் ‘தையல் பிரிந்துவிடும், கையை அசைக்காதே’ என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அவரும் கையை மார்போடு மடக்கியே வைத்திருந்தார். அசையாத தோளில் நார் எளிதில் இறுகிவிடும்.

2021ல் பிரிட்டனில் 392 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. ஆபரேஷனுக்குப் பிறகு தோள் பிரச்சினை வரக்கூடியவர்கள் என்று கருதப்பட்டவர்கள் இவர்கள். ஒரு பகுதியினருக்கு, ஆபரேஷன் முடிந்த 7 முதல் 10 நாட்களுக்குள் பிசியோதெரபி நிபுணர்கள் பயிற்சியைத் தொடங்கினார்கள். மற்றவர்களுக்குத் துண்டுப்பிரசுரம் மட்டும் கொடுத்தார்கள். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களின் கைதான் நன்றாக வேலை செய்தது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மார்பில் கதிர் வைக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் படுக்க வேண்டும். கை தூக்க வராதவருக்குச் சிகிச்சையே தள்ளிப் போகலாம்!

என்ன பயிற்சி?

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே செய்யக்கூடியவை இவை:

சுவர் பக்கம் நின்று, விரல்களை எறும்பு ஊர்வது போல் சுவரில் மேலே ஏற்றுங்கள். எட்டிய இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் அந்தக் கோட்டைத் தொட முயலுங்கள்.

மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் கோத்து, நல்ல கையின் உதவியால் மற்றதைத் தலைக்கு மேல் கொண்டு போங்கள்.

நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் முதுகில் நெருக்கிச் சற்று நேரம் பிடித்து விடுங்கள். பீடி சுற்றுகிறவர்கள், தையல் வேலை செய்கிறவர்கள், குனிந்தே இருப்பவர்கள் இதை அடிக்கடி செய்யலாம்.

தோல் இழுப்பது தெரியும் வரை செய்தால் போதும். பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய வேண்டியது இல்லை. கதிர் முடிந்துவிட்டது என்று நிறுத்தவும் கூடாது. நார் படிவது தொடர்வதால் பயிற்சியும் தொடர வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்?

விரல்கள் மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ கழுத்தில் இருந்து கைக்கு வரும் நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். கை வீங்கினால் நிணநீர் தேங்கியிருக்கலாம். கதிர் முடிந்த சில மாதங்களில் வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் வந்தால் நுரையீரலைப் பார்க்க வேண்டும். தோள்பட்டை எலும்பில் ராத்திரி தூங்க விடாத வலியோ, புதுக் கட்டியோ வந்தால் ஒருநாள்கூடத் தள்ளக்கூடாது. இவை எல்லாமே நோய் திரும்பியதற்கு அடையாளம் அல்ல. ஆனால் அல்ல என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இந்தத் தொல்லைகளுக்குப் பயந்து கதிர் சிகிச்சையே வேண்டாம் என்று யாரும் எழுந்து வந்துவிடாதீர்கள். தோள் இறுகினால் பயிற்சி இருக்கிறது. புற்று திரும்பினால் அதன் கதை வேறு.

ரெயிலில் சலுகை

என் வேலை சம்பந்தமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் போய்வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் கிடையாது. துணைக்குப் போகும் ஒருவருக்கு இந்த வகுப்புகளில் 75 சதவீதச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் கையெழுத்தும் சீலும் பெற்ற சான்றிதழ் வேண்டும். மும்பை லோக்கல் ரெயில்களில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம். தூக்க முடியாத கையோடு கூட்டத்தில் கைப்பிடியைத் தேடித் தவிக்க வேண்டாம்.

பரேலில் 1941 முதல் நடக்கும் டாட்டா நினைவு ஆஸ்பத்திரிக்கும், நகரின் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் நம் ஊரில் இருந்து எத்தனையோ பேர் வருகிறார்கள். அவர்களை வீட்டில் தங்க வைத்துச் சோறு போடுகிற மும்பைத் தமிழர்கள், ‘கையை அசைக்காதே’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘தோளுக்கு என்ன பயிற்சி?’ என்று டாக்டரிடம் அவர்களுக்காக ஒரு வார்த்தை கேளுங்கள். இந்தி தெரியாமல் தலையாட்டிவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

ஆறு மாதம் கழித்து அந்த அக்கா அடுத்த பரிசோதனைக்கு வந்து, ஊர் திரும்ப மறுபடி என் கவுண்டருக்கு வந்தார். பாரத்தை வலது கையால் நீட்டினார்.

"சுவத்துல இருபது கோடு போட்டுட்டேன் தம்பி. கை காது வரைக்கும் போகுது. உச்சிக்கு இன்னும் போகல. முன்பக்கம் நானே சீவிக்கிடுதேன். பின்னால மட்டும் மக சீவி விடுதா" என்றார்.

பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். டிக்கெட்டை வலது கையிலேயே வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.