16 பவுண்டா, 18.5 பவுண்டா? ஒரு பிஸ்டல் ஸ்பிரிங் கணக்கு

அமெரிக்காவில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒருவன் கேட்டான்: "என் 1911-க்கு 18.5 பவுண்டு ஸ்பிரிங் போடலாமாடா? உதை குறையும்னு சொல்றாங்க." நான் துப்பாக்கி சுட்டவனில்லை. ஆனாலும் அந்த 'உதை குறையும்' என்பது கொஞ்சம் இடித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

1911 என்பது ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 பிஸ்டல். சுட்டதும் மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் ஓடி, காலி கேஸை வெளியே எறிந்து, ஹாமரை மடக்கும். அடியில் இருக்கும் ரிகாயில் ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னால் தள்ளும். போகிற போக்கில் ஸ்லைடு மேகசினிலிருந்து அடுத்த ரவுண்டை உருவி பேரலுக்குள் ஏற்றும். 5 அங்குல பேரல் உள்ள மாடலுக்கு வழக்கமான ஸ்பிரிங் 16 பவுண்டு. ஸ்லைடு முழுக்கப் பின்னால் போன நிலையில் ஸ்பிரிங் தரும் விசைதான் இந்த எண். ஸ்பிரிங்கின் சொந்த எடை இல்லை!

சரி, கணக்கு. குண்டு 230 கிரெய்ன், அதாவது சுமார் 15 கிராம். வேகம் விநாடிக்கு 250 மீட்டர் சொச்சம். வெடிவாயுவையும் சேர்த்தால் உந்தம் ஏறக்குறைய 4 கிலோ-மீட்டர்/விநாடி. ஸ்லைடும் பேரலும் சேர்ந்து அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பின்னால் கிளம்பும். பேரல் சீக்கிரமே நின்றுவிடும். மிச்சமுள்ள 400 கிராம் ஸ்லைடிடம் மட்டும் 12, 13 ஜூல் இருக்கும்.

ஸ்பிரிங் இதில் எவ்வளவு விழுங்கும்? ஆரம்பத்தில் 8 பவுண்டு, கடைசியில் 16, ஓட்டம் 5 சென்டிமீட்டர் என்று எடுத்தால் மூன்று ஜூலுக்கும் கீழே. அவ்வளவுதான். ஹாமரை மடக்குவதில் கொஞ்சம், உராய்வில் கொஞ்சம் போகும். மீதி ஸ்லைடு ஃபிரேமில் போய் முட்டும்போது உங்கள் கைக்குத்தான் வருகிறது. 18.5 போட்டால் கூடுதலாக அரை ஜூல்கூட இல்லை. முட்டும் வேகம் இரண்டு மூன்று சதவீதம் குறையலாம்.

குண்டின் வேகமாவது மாறுமா? குண்டு பேரலை விட்டு வெளியேறும்போது ஸ்லைடு நகர்ந்திருப்பது சுமார் மூன்று மில்லிமீட்டர். ஸ்பிரிங்குக்கு அப்போது இன்னும் வேலையே ஆரம்பிக்கவில்லை.

ஆனால் திரும்பி வரும்போது கதை வேறு. அந்தப் பயணத்துக்கு ஸ்பிரிங் மட்டும்தான் எஞ்சின். 15 சதவீதம் பலம் கூடினால் ஆற்றலும் 15 சதவீதம் கூடும், மூடும் வேகம் ஏழு எட்டு சதவீதம் ஏறும். ஸ்லைடு 'டப்'பென்று மூட, பேரல் முனை கீழே குத்தும். பழைய வடிவமைப்பில் ஃபயரிங் பின்னைத் தடுத்து நிறுத்த அதன் சின்ன ஸ்பிரிங்கைத் தவிர வேறு பூட்டு கிடையாது. மூடும் வேகம் ஏறினால் பின் தன் ஜடத்துவத்தால் முன்னால் போய் ப்ரைமரைத் தொடும் அபாயமும் ஏறும். உல்ஃப் கம்பெனி 1911-க்கான ரிகாயில் ஸ்பிரிங்கோடு பலமான ஃபயரிங் பின் ஸ்பிரிங் ஒன்றையும் சேர்த்தே தருவது சும்மா இல்லை. அதை மாற்றாமல் பெரியதை மட்டும் மாற்றுகிறவர்களை என்ன சொல்ல!

ஆகவே தேர்வு செய்யும்போது கேட்க வேண்டியது உதையைப் பற்றி அல்ல. நீங்கள் வழக்கமாகச் சுடும் ரவுண்டு, இந்த ஸ்பிரிங்கை முழுக்க மடக்கி ஸ்லைடைக் கடைசிவரை கொண்டுபோகிறதா? அதன்பின் ஸ்பிரிங்கால் முழுதாக மூட முடிகிறதா? இலக்குப் போட்டிக்காரர்கள் 185 கிரெய்ன் மென்மையான ரவுண்டு சுடுவார்கள். உந்தம் முக்கால் பங்காகக் குறைந்தால் ஆற்றல் பாதி அளவுக்கு வந்துவிடும் (வர்க்கம் ஆயிற்றே). அதனால் 12 பவுண்டு மாதிரி போடுகிறார்கள். 4.25 அங்குல கமாண்டர் மாடலிலோ ஸ்லைடு இலேசு. அங்கே 18 பவுண்டுதான் வழக்கம்.

நண்பனுக்குச் சொன்ன சோதனை: ரேஞ்சில், மேகசினில் ஒரே ஒரு ரவுண்டு போட்டு, ஒற்றைக் கையால், பிடி கொஞ்சம் தளர்வாக வைத்துச் சுடு. ஸ்லைடு பின்னால் பூட்டி நிற்க வேண்டும். பலமுறை செய். நிற்காவிட்டால், அல்லது காலி கேஸ் வெளியே போகாமல் நடுவில் செங்குத்தாக மாட்டினால், ஸ்பிரிங் அந்த ரவுண்டுக்கு அதிகம். மாறாக, கடைசி மில்லிமீட்டரில் மூடாமல் தயங்கினால் பலம் போதவில்லை, அல்லது சேம்பர் அழுக்கு. கேஸ் எவ்வளவு தூரம் பறக்கிறது என்று பார்ப்பதும் ஒரு வழிதான், ஆனால் எக்ஸ்ட்ராக்டர் சரியில்லை என்றாலும் அது மாறும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

ஸ்பிரிங்கை வெட்டிச் சுருக்குவது இன்னொரு பழக்கம். சுற்று குறைந்தால் மீதி ஸ்பிரிங் விறைப்பாகிவிடும். ஆனால் நீளமும் குறைவதால் ஆரம்ப அழுத்தம் போய்விடும், அதாவது ஸ்லைடு மூடி நிற்க வேண்டிய இடத்தில்தான் பலம் குறையும். 12 வேண்டுமென்றால் 12 என்று விற்பதையே வாங்குங்கள். பெரிய விலை இல்லை.

புதிதாக வாங்கும்போது ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, ஒன்றை அப்படியே வைத்திருங்கள். பல ஆயிரம் ரவுண்டு கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழையது எவ்வளவு குட்டையாகியிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.