மீனை அளப்பதிலும் நேர்மை வேண்டும்

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள் நம் பெரியவர்கள். சிக்கனத்துக்காகச் சொன்ன பழமொழி அது. ஆனால், தூண்டில் போட்டியில் கலந்து கொள்பவர்களுக்கு அது அப்படியே பொருந்துகிறது. பிடித்த மீனை அளக்க வேண்டும். அளந்த பிறகு உயிரோடு தண்ணீரில் விட வேண்டும். இதுதான் இன்று உலகின் பல இடங்களில் நடக்கும் 'பாஸ்' மீன் போட்டிகளின் அடிப்படை விதி.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தூண்டில் ஆர்வலர்களுக்குப் பஞ்சமில்லை. பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்ப்பவரும் சரி, கிள்ளானில் கடை வைத்திருப்பவரும் சரி, வார இறுதி வந்தால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கட்டணக் குளங்களை நோக்கிப் புறப்பட்டு விடுகிறார்கள். போட்டி என்று வந்தால் நுழைவுக் கட்டணம் உண்டு; பரிசும் உண்டு. ஒரு சென்டிமீட்டரிலோ சில கிராமிலோ முதல் பரிசு கைமாறும்போது சச்சரவு எழுகிறது. பல ஆண்டு நட்பு கூட அங்கே முறிந்து போவதுண்டு. சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் மீன் அல்ல. அதை அளந்த முறைதான்.

'பாஸ்' என்பது எந்த மீன்?

அமெரிக்காவில் பாஸ் போட்டி என்றால் பெரிய வாய் பாஸ் எனப்படும் நன்னீர் மீனைக் குறிக்கும். நம் நாட்டு ஆறுகள் அதற்குத் தாயகம் அல்ல. இங்கே 'பாஸ்' என்ற பெயரைச் சுமப்பவை வேறு இரண்டு மீன்கள். ஒன்று, நாம் சியாக்காப் என்று அழைக்கும் கொடுவா மீன். இதற்கு ஆசியக் கடல் பாஸ் என்ற பெயரும் உண்டு. மற்றொன்று பீக்கோக் பாஸ். தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட இது, பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் பெருகிவிட்டது. உண்மையில் இது திலாப்பியாவின் உறவுக்கார மீன்.

இந்த மூன்றுக்கும் வால் ஒன்று போல இருக்காது. அளவெடுப்பதில் முதல் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கிருந்து எதுவரை?

மீனின் நீளத்தை மூன்று விதமாக அளக்கலாம். மூக்கு நுனியிலிருந்து வாலின் கடைசி நுனி வரை அளப்பது மொத்த நீளம். மூக்கு நுனியிலிருந்து வாலின் நடு விளிம்பு வரை அளப்பது இன்னொன்று. வால் தொடங்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்வது மூன்றாவது. இதை ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

தெங்கிரி மீனை நினைத்துப் பாருங்கள். அதன் வால் கவட்டை போல ஆழமாகப் பிளந்திருக்கும். மொத்த நீளத்துக்கும் நடு விளிம்பு வரையிலான நீளத்துக்கும் பல சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். சியாக்காப்பின் வாலோ விசிறி போல வட்டமானது. அதற்கு நடு விளிம்புதான் கடைசி நுனியும் கூட. ஆகவே இரண்டு அளவும் ஒன்றாகவே இருக்கும். பெரிய வாய் பாஸின் வாலில் சிறிய பிளவு உண்டு. வாலின் இரு மடல்களையும் விரலால் சேர்த்துப் பிடித்தால் நீளம் சற்றுக் கூடும். பிடிக்கலாமா, கூடாதா? இரண்டு வழக்கமும் உலகில் இருக்கின்றன. எதை ஏற்பது என்பதைப் போட்டி தொடங்கும் முன்பே அறிவித்துவிட வேண்டும். மீன் பலகைக்கு வந்த பிறகு விதி பேசினால் அது விதியாகாது.

பலகையில் கிடத்தும் முறை

துணி நாடாவை மீனின் வயிற்றின் மேல் வளைத்துப் போட்டு அளப்பது தவறு. வளைவும் சேர்ந்து வருவதால் அளவு கூடிவிடும். தச்சர்கள் பயன்படுத்தும் இரும்பு நாடாவும் இதற்கு ஏற்றதல்ல. அதன் முனைக் கொக்கி வேண்டுமென்றே சற்று ஆடும்படி அமைக்கப்பட்டிருக்கும்.

இதற்கென்றே உள்ள அளவுப் பலகையில் ஒரு முனையில் செங்குத்தான தடுப்பு இருக்கும். அந்தத் தடுப்புதான் பூஜ்யம். மீனின் வாய் மூடியிருக்க வேண்டும். மூக்கு தடுப்பைத் தொட வேண்டும். உடல் நேராகவும் தட்டையாகவும் கிடக்க வேண்டும். மூக்குக்கும் தடுப்புக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், 50 சென்டிமீட்டர் மீன் 51 ஆகிவிடும். வாய் திறந்திருந்தாலும் இதே கதைதான்.

அளவைப் படிப்பவர் நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் கோடு இடம் மாறித் தெரியும். படம் எடுப்பதற்கும் இதுவே விதி. படத்தில் மூக்கு, தடுப்பு, வால், அளவுக் கோடுகள் நான்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். பழைய படத்தைக் கொடுத்து ஏமாற்றுவதைத் தடுக்க, அன்று காலையில் மட்டும் அறிவிக்கப்படும் ஓர் அடையாள எண்ணை மீனின் அருகில் வைத்துப் படம் எடுக்கச் சொல்வதும் வழக்கம்.

இரண்டு கோடுகளுக்கு இடையில் வால் நின்றால் என்ன செய்வது? கீழ்க் கோட்டையே கணக்கில் எடுக்க வேண்டும். அனைத்துலக விளையாட்டு மீன்பிடி சங்கம் 2011-ஆம் ஆண்டு தொடங்கிய நீளச் சாதனைப் பிரிவிலும் அளவு முழு சென்டிமீட்டருக்குக் குறைத்தே எழுதப்படுகிறது. எட்டாத கோட்டை எவருக்கும் தூக்கிக் கொடுப்பதில்லை. இதனால் சமநிலை வரலாம். சமநிலையை எப்படித் தீர்ப்பது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தராசுக்கும் குணம் உண்டு

நம் கட்டணக் குளங்களில் எடைப் போட்டிதான் பரவலாக நடக்கிறது. பழைய தலைமுறையினர் இன்னமும் 'காத்தி' கணக்கில் பேசுவார்கள். ஒரு காத்தி என்பது ஏறத்தாழ 605 கிராம். இன்று கிலோ கணக்கு வந்துவிட்டாலும் தராசின் குணம் மாறவில்லை.

வில் தராசும் மின்னணுத் தராசும் பூமியின் ஈர்ப்பு விசையை வைத்தே எடையைச் சொல்கின்றன. கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கு ஈர்ப்பு விசை சற்றுக் குறைவு. குளிர் நாட்டில் சரிபார்த்த தராசை இங்கு கொண்டுவந்து அப்படியே பயன்படுத்தினால், 5 கிலோ மீனுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் குறைவாகக் காட்டலாம். எல்லா மீனையும் ஒரே தராசில் நிறுத்தினால் எவருக்கும் பாதகமில்லை. ஆளுக்கொரு தராசு என்றால்தான் வம்பு. பையின் எடையையும் பையில் தேங்கிய தண்ணீரையும் கழிக்க மறப்பது இதைவிடப் பெரிய பிழை.

வணிகத்துக்குப் பயன்படும் தராசுகளைச் சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்பது நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டம். அப்படி முத்திரையுள்ள தராசைப் போட்டிக்கும் பயன்படுத்தினால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

ஓர் அவுன்ஸ் கூட இல்லை!

துல்லியம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். 1932-இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்பவர் 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பெரிய வாய் பாஸைப் பிடித்தார். அந்தச் சாதனையை 77 ஆண்டுகள் எவராலும் எட்ட முடியவில்லை. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் 22 பவுண்டு 4.97 அவுன்ஸ் இருந்தது. கூடுதல்தானே? ஆனாலும் அவர் பெரியை முந்தியதாக அறிவிக்கப்படவில்லை. இந்த எடைப் பிரிவில் பழைய சாதனையை முறியடிக்க, குறைந்தது 2 அவுன்ஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. எனவே இருவரும் சாதனையைப் பகிர்ந்துகொண்டார்கள். சிறிய வித்தியாசத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற எச்சரிக்கை அந்த விதியில் இருக்கிறது.

வயிற்றில் ஈயம்

பிழை வேறு, மோசடி வேறு. 2022 செப்டம்பர் 30-ஆம் தேதி அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நடந்த 'வாலை' மீன் போட்டியில், முதலிடத்துக்கு வந்த ஐந்து மீன்களைப் பார்த்த போட்டி இயக்குநருக்குச் சந்தேகம் தட்டியது. பார்வைக்கு ஒவ்வொன்றும் 4 பவுண்டு அளவுதான் தெரிந்தது. தராசோ மிகவும் கூடுதலாகக் காட்டியது. அனைவர் முன்னிலையிலும் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார். உள்ளே ஈயக் குண்டுகள்! பரிசுத் தொகை 28,000 டாலருக்கும் மேல். குற்றத்தை ஒப்புக்கொண்ட இருவருக்கும் 2023-இல் 10 நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களின் படகும் பறிமுதலானது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பொய்யைக் காட்டிக்கொடுத்தது மீனின் உருவ அளவு. ஒரு மீனின் நீளத்துக்கும் எடைக்கும் இயற்கையாகவே ஒரு பொருத்தம் இருக்கிறது. எடைப் போட்டியிலும் நீளத்தைக் குறித்து வைத்தால், பொருந்தாத மீன் உடனே கண்ணில் படும்.

மீனின் உயிரும் கணக்கில் உண்டு

அமெரிக்காவில் 'பாஸ்' சங்கத்தைத் தொடங்கிய ரே ஸ்கோட், 1972-ஆம் ஆண்டிலேயே 'பிடித்த மீனைக் கொல்லாதீர்' என்ற இயக்கத்தை முன்வைத்தார். நீளத்தை அளக்கும் போட்டிக்கு இதில் ஒரு வசதி உண்டு. மீனை எடை மேடை வரை சுமந்து செல்ல வேண்டியதில்லை. பிடித்த இடத்திலேயே அளந்து விட்டுவிடலாம்.

நம் வெயிலில் அலுமினியப் பலகை அடுப்புக் கல் போலச் சுடும். முதலில் பலகையையும் கைகளையும் நனைத்துக்கொள்ள வேண்டும். மீனின் மேலுள்ள வழுவழுப்புதான் அதற்குக் கவசம். உலர்ந்த துணியால் துடைத்தால் அது போய்விடும். சியாக்காப்பின் செவுள் மூடி கத்தி போல அறுக்கும், விரல்கள் பத்திரம். பலகை, கைப்பேசி, அடையாள எண் எல்லாம் தயாரான பிறகே மீனைத் தண்ணீரிலிருந்து எடுக்க வேண்டும்.

இன்னொரு செய்தி. சியாக்காப் பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். இயற்கை நீர்நிலையில் கிடைக்கும் மிகப் பெரிய சியாக்காப் அநேகமாக முட்டையிடும் தாய் மீனாகவே இருக்கும். அதை உயிரோடு விடுவது நாளைய மீனுக்கு வைக்கும் முதலீடு. ஆனால், பீக்கோக் பாஸ் விஷயம் வேறு. அது உள்ளூர் மீன்களை விழுங்கும் அந்நிய இனம். அதை அளந்த பிறகு நம் ஆறுகளில் விடுவது புண்ணியமாகாது.

போட்டி நடத்துவோர் கவனத்திற்கு

அனைவருக்கும் ஒரே வகைப் பலகை. ஒரே தராசு. அளக்க ஒருவர், பார்க்க ஒருவர், எழுத ஒருவர். விதிகள் தாளில் எழுதப்பட்டு, பணம் வாங்கும் முன்பே கையில் கொடுக்கப்பட வேண்டும். அளந்தவுடன் எண்ணை உரக்கப் படித்து, மீன் பிடித்தவரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

இவற்றுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. அப்பாவோடு தூண்டில் பிடித்து நிற்கும் பிள்ளைகள் அந்தப் பலகையையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டரில் தோற்றாலும், அளவு சரியாக இருந்தது என்று நம்பி அவர்கள் வீடு திரும்ப வேண்டும். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது பெரியவர்களின் பொறுப்பு.