வாய் திறந்தபடி தூங்கும் பிள்ளை

நள்ளிரவில் ஒருமுறை எழுந்து, பிள்ளை தூங்குவதைக் கவனியுங்கள். வாய் திறந்திருக்கிறதா? குறட்டைக்கு நடுவே சில நொடிகள் மூச்சு நின்று, பிறகு திணறி இழுக்கிறதா? சளி இல்லாத நாட்களிலும் இப்படியென்றால் அடினாய்டு வீங்கியிருக்கலாம்.

“மூக்குக்குப் பின்னால சதை வளர்ந்திருக்கு” என்று டாக்டர் சொல்வது இதைத்தான். டார்ச் அடித்தால் டான்சில் தெரியும். உள்நாக்குக்கு மேலே, மூக்கின் பின்வாசலில் ஒளிந்திருக்கும் இது தெரியாது. கிருமிகளை எதிர்கொள்ளும் இந்தத் திசு எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. 3 முதல் 7 வயதுக்குள் பெரிதாக இருக்கும், பதின்ம வயதில் சுருங்கிவிடும். அடிக்கடி சளியோ ஒவ்வாமையோ வந்தால் அளவுமீறிப் பெருத்து மூச்சுவழியை அடைக்கும்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘அம்மா’ என்று சொல்லிப் பாருங்கள், ‘அப்பா’ போல ஒலிக்கும். இந்தப் பிள்ளைகளின் பேச்சு நாள்முழுக்க அப்படித்தான் இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் வேதனை தருவது காது பாதிக்கப்படுவதுதான். நடுக்காதுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய், அடினாய்டுக்குப் பக்கத்தில்தான் திறக்கிறது. அது அடைபட்டால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். பெரும்பாலும் வலி இருக்காது, காய்ச்சலும் இருக்காது. கேட்பது மட்டும் மந்தமாகும். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும் பிள்ளைக்கு, “எத்தனை தடவை கூப்பிடறது?” என்று வசவுதான் கிடைக்கிறது. 1868-இல் கோபன்ஹேகன் மருத்துவர் வில்ஹெல்ம் மையர் இந்தச் சதையை விவரித்து எழுதியதற்குக் காரணமும், காது மந்தமாகி வந்த ஓர் இளம்பெண்தான்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தோ, மூக்கு வழியே மெல்லிய கேமரா செலுத்தியோ அளவைப் பார்ப்பார். வீக்கம் மிதமாக இருந்தால் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைச் சில வாரங்கள் தருவார். பலருக்கு அதுவே போதும். தூக்கத்தில் மூச்சு நிற்பது, காதில் நீர் மாதக்கணக்கில் வடியாமல் நிற்பது போன்றவற்றுக்குத்தான் அறுவை. மயக்க மருந்து கொடுத்து வாய் வழியாகவே அகற்றுவார்கள், முகத்தில் தழும்பு விழாது. எடுத்துவிட்டால் நோய் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்ற பயம் வேண்டாம். உடம்பில் அந்த வேலைக்கு வேறு திசுக்கள் நிறைய உண்டு. அண்ணப்பிளவு இருந்தால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். வீடு திரும்பியபின் ரத்தம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

செவித்திறன் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கேட்கும் திறன் திரும்பும்வரை வகுப்பில் முன் பெஞ்சில் உட்காரவைக்கும்படி ஆசிரியரிடம் சொல்லுங்கள்.