கரையில் நிற்கும்போதே கேட்டுவிடுங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை. எங்கள் தோல் தொழில் ஊர்களில் ஆறு உண்டு, நீச்சல் கிடையாது. பாலாற்றில் முங்கிக் குளித்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் மணலைப் பார்த்தே வளர்ந்தார்கள். 2021 நவம்பரில் ஆறு கரை தொட்டு ஓடியபோது, பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைகள் பலருக்கு அதுதான் முதல் வெள்ளம்.

தண்ணீருக்கு ஏங்கிய ஊர் என்பதால், விடுமுறை கிடைத்தால் நாம் தேடிப்போவதும் தண்ணீரைத்தான். ஷூ கம்பெனிப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வேன் பிடித்தால் முதலில் வாயில் வரும் பெயர் ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறினால் புங்கனூர் ஏரியும் படகு இல்லமும். கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் முட்டுக்காடு, பிச்சாவரம், தேக்கடி. தோல் ஏற்றுமதியில் பொருள் சேர்த்த சிலருக்குச் சொந்தமாக மோட்டார் படகோ யாட் என்னும் சொகுசுப் படகோ வாங்கும் ஆசையும் வரலாம்.

டிக்கெட் எடுத்து ஏறுகிறவருக்கும் படகையே வாங்குகிறவருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான். படகைப் பற்றிய கேள்விகளைக் கரையில் வைத்தே கேட்டுவிட வேண்டும். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. பதில் சொல்லும் கடமை படகை ஓட்டுகிறவருக்கு இருக்கிறது.

நான்கு நாட்கள், நூற்றுமூன்று உயிர்கள்

2009 செப்டம்பர் 30, தேக்கடி. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' பெரியாறு ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். ஓடத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத புதுப் படகு அது. கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்ததில் படகு சாய்ந்தது.

2011 டிசம்பர் 25, பழவேற்காடு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போன உறவினர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து இறந்தார்கள்.

2023 மே 7, மலப்புரம் மாவட்டம் தானூர். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிச் சுற்றுலாப் படகாக்கியிருந்தார்கள். இருட்டிய பிறகு, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிக்கொண்டு போன அந்தப் படகில் 22 உயிர்கள் போயின. குழந்தைகளே அதிகம்.

2024 ஜனவரி 18, வடோதரா ஹர்ணி ஏரி. பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அங்கும் கொள்ளளவைவிடக் கூடுதலாக ஆட்கள். பல பிள்ளைகளின் உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை.

இந்த நான்கில் எதுவும் புயலில் நடந்ததல்ல, நடுக்கடலிலும் நடந்ததல்ல. எல்லாம் ஏரியிலும் கழிமுகத்திலும், உல்லாசமாகச் சுற்றிவந்த நேரத்தில் நடந்தவை.

படகு எப்படிக் கவிழ்கிறது?

ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தால் 30 பேர் 1,800 கிலோ. ஒரு காரைவிட அதிகமான எடை. "அதோ பார், யானை" என்று ஒருவர் கை நீட்டியதும் அத்தனை எடையும் ஒரே பக்கம் போனால், சிறிய படகுக்கு நிமிர வழியில்லை. மேல்தட்டில் ஆட்கள் நின்றால் ஆபத்து இரட்டிப்பாகும். எடை உயரத்தில் இருக்க இருக்கப் படகு எளிதில் சாயும்.

அடித்தட்டில் தேங்கும் தண்ணீர் இரண்டாவது எதிரி. பாதி நிரம்பிய தண்ணீர் லாரி வளைவில் திரும்பும்போது எப்படி ஆட்டம் போடும் என்று நமக்குத் தெரியும். படகு கொஞ்சம் சாய்ந்தால் உள்ளே தேங்கிய தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் அதிகமாக்கும். நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஒன்றரை அங்குலத் துளை விழுந்தால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் ஒரு சிறிய தண்ணீர் லாரி கொள்ளும் அளவு அது. ஆகவே ஏறும்போது அடித்தட்டைப் பாருங்கள். தண்ணீர் நின்றால் அந்தப் படகு வேண்டாம்.

ஏறும் முன் ஐந்து விஷயங்கள்

எத்தனை பேர் ஏறலாம்? "ஒண்ணும் ஆகாதுக்கா, ஏறுங்க" என்று படகுக்காரத் தம்பி சொல்லுவார். "எத்தனை பேருக்கு அனுமதின்னு சொல்லு தம்பி, அப்புறம் ஏறுறோம்" என்று கேளுங்கள். மடியில் இருக்கும் குழந்தையும் கணக்கில் ஓர் உயிர்தான்.

லைஃப் ஜாக்கெட் எங்கே? இதைச் சோதிக்க நம் ஊர் ஆட்களைவிடத் தகுதியானவர்கள் யார்? தையல் விட்ட இடத்தையும் இற்றுப்போன நூலையும் ஒரு பார்வையில் பிடித்துவிடும் கண்கள் ஷூ அப்பர் தைக்கும் நம் பெண்களுடையவை. நாடாவை இழுத்துப் பாருங்கள். பக்கிள் சத்தத்தோடு பூட்டுகிறதா, வெயிலில் துணி வெளுத்து நொய்ந்திருக்கிறதா, உள்ளே இருக்கும் நுரை நசுங்கித் தகடாகிவிட்டதா என்று பாருங்கள். போட்டு இறுக்கிய பிறகு, தோள் பட்டையைப் பிடித்து இன்னொருவர் மேலே தூக்கட்டும். ஜாக்கெட் காது வரை வந்தால் அது உங்கள் அளவு அல்ல. குழந்தைக்குக் குழந்தை அளவுதான் வேண்டும்; பெரியவர் ஜாக்கெட்டில் குழந்தை நழுவிவிடும். புடவையோ புர்காவோ அணிந்திருந்தால் ஜாக்கெட் அதற்கு மேலேதான் வர வேண்டும்.

ஓட்டுகிறவர் யார்? மோட்டார் படகு ஓட்டத் தகுதிச் சான்று வேண்டும். குடித்திருப்பதாகத் தெரிந்தால் இறங்கிவிடுங்கள்.

மணி என்ன, வானம் எப்படி? பொழுது சாய்ந்த பிறகும், இடி கேட்டாலும் சவாரி வேண்டாம்.

வெளியேறும் வழி எது? மூடிய அறைக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்தால், கதவு எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்து வையுங்கள். படகு நகர்ந்த பிறகு கூட்டமாக எழுந்திருக்காதீர்கள்.

சொந்தப் படகு வாங்குகிறவருக்கு

கார் பழுதானால் ஓரமாக நிறுத்தலாம். தண்ணீரில் ஓரம் கிடையாது. பராமரிப்பைப் பணியாளர் தலையில் கட்டிவிட்டு இருந்துவிட முடியாது. முதலாளிக்கும் நான்கு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது ஆவி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. எஞ்சின் அறையின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரு தீப்பொறி போதும். உள்ளே எஞ்சின் வைத்த பெட்ரோல் படகில், எரிபொருள் நிரப்பியதும் காற்றோட்ட விசிறியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிட்டு, மோந்து பார்த்து, வாசனை இல்லை என்று உறுதியான பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். ஜெனரேட்டர் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அறையில் அதைக் கண்டறியும் கருவி கட்டாயம் வேண்டும். கழிவுக் குழியில் இறங்கும் முன் காற்றைச் சோதிக்க வேண்டும் என்பதை உயிர்களைக் கொடுத்துக் கற்ற வட்டாரம் நம்முடையது. அந்தப் பாடம் படகுக்கும் பொருந்தும்.

இரண்டாவது, தண்ணீர் புகும் வழிகள். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு வால்வையும் மாதம் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். ரப்பர் குழாய்களில் இரட்டைக் கவ்வி போடுங்கள். அடித்தட்டுத் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் தானாக இயங்குகிறதா என்று வாளித் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். பம்ப் நல்ல நிலையில் இருந்தாலும் பேட்டரி இறங்கியிருந்தால் பயனில்லை.

மூன்றாவது எரிபொருள். போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, கையிருப்பாக ஒரு பங்கு.

நான்காவது தகவல். எங்கே போகிறோம், யார் யார், எப்போது திரும்புவோம் என்று எழுதிக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கடலுக்குப் போனால் செல்போனை நம்பாமல் விஎச்எஃப் ரேடியோ வையுங்கள். உலகெங்கும் ஆபத்து அழைப்புக்கு அதன் 16ஆம் அலைவரிசை. இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. வேகப் படகில் ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ மாட்டாமல் ஓட்டவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆங்கிலேயர் காலத்து 1917 சட்டத்துக்குப் பதிலாக வந்தது உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021. ஆறு, ஏரி, கால்வாயில் ஓடும் இயந்திரப் படகு எதுவானாலும் ஆய்வுச் சான்றும் பதிவுச் சான்றும் வேண்டும், காப்பீடு வேண்டும், ஓட்டுகிறவர்களுக்குத் தகுதிச் சான்று வேண்டும். கடலுக்குப் போகும் யாட்டுக்குக் கப்பல் சட்டங்கள் தனி. படகின் விலை பேசும்போதே இந்தக் காகிதங்களைக் கேளுங்கள். காகிதம் இல்லாத படகு மலிவாகக் கிடைத்தாலும் விபத்து நடந்த அன்று வீட்டையே விற்க வைத்துவிடும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2017இல் படகுப் பாதுகாப்புக்கென்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று: கூலிக்கு ஆள் ஏற்றும் படகில், பயணிகள் உயிருக்கு ஆபத்து வரும்படி அளவுக்கு மீறி ஏற்றுவதே குற்றம். யாரும் சாக வேண்டியதில்லை, படகு கவிழ வேண்டியதும் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 284ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். கண்ணெதிரே அப்படி நடந்தால் 112க்கு அழையுங்கள். படகு இல்லத்தின் ஆய்வுச் சான்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். முதலமைச்சரின் உதவி எண் 1100, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்து மக்கள் குறைதீர் நாள் ஆகியவையும் புகாருக்கு உண்டு.

விபத்து நடந்துவிட்டால்

கவிழ்ந்த படகு மிதந்தால் அதைவிட்டு நீந்திப் போகாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கரையில் இருப்பவர்கள் குதிக்க வேண்டாம். நீச்சல் தெரியாதவர் குதித்தால் இரண்டு உயிர் போகும். வேட்டி, துப்பட்டா, கயிறு, மூங்கில், மூடிய காலி கேன் என்று எது கிடைத்தாலும் எறிந்து இழுங்கள். மேலே வந்தவரைத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் ஆபத்து. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். ஒருவர் 108க்கு அழைக்கட்டும். எழுந்து உட்கார்ந்தவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறடிக்கும்.

சாலை விபத்துக்கு இழப்பீடு தரும் மோட்டார் வாகனத் தீர்ப்பாயம் படகு விபத்தை விசாரிக்காது. ஆனால் வழி மூடிவிடவில்லை. டிக்கெட் வாங்கியவர் நுகர்வோர். பாதுகாப்பில்லாத படகில் ஏற்றியது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, விபத்து ஏலகிரியில் நடந்தாலும் வெளி மாநிலத்தில் நடந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு ஆண்டு. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இறந்தவரின் வாரிசுகளும் கேட்கலாம். ஆலோசனைக்கான எண் 1915.

"விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று டிக்கெட்டில் அச்சடித்திருக்கிறதே என்று சோர்ந்துவிடாதீர்கள். கவனக்குறைவுக்கான பொறுப்பு அந்த ஒரு வரியால் கரைந்துவிடாது. டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். பணம் கட்டிய குறுஞ்செய்தி, படகின் படம், முதல் தகவல் அறிக்கையின் நகல், மருத்துவச் சீட்டு எல்லாம் வேண்டும். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.

நம் ஊர் நாட்டுக்குத் தந்த பாடம்

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புத் தந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டதைச் சொல்லி நீதி கேட்டது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. கெடுதல் வந்த பிறகு அழுவதைவிட வருவதற்கு முன் தடுக்க வேண்டும். தீங்கு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழிலை நடத்துகிறவருக்கே. பாதிக்கப்படக்கூடியவர் தலையில் அதைச் சுமத்தக் கூடாது. நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் இதைப் பாடம் நடத்துகிறார்கள்.

சுற்றுச்சூழல் வழக்கில் பிறந்த அந்தக் கோட்பாட்டைப் படகுத் துறைக்கும் எடுத்துப்போவோம். இந்தப் படகு ஆபத்தானது என்று நாம் நிரூபிக்கத் தேவையில்லை. பாதுகாப்பானது என்று அவர்கள் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் டிக்கெட் பணம் போனாலும் போகட்டும். பிள்ளைகளோடு ஏரிக்கரையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, போன வேனிலேயே எல்லோரும் திரும்பி வருவோம்.